உலாவியின் உள்ளறைகள்

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அதனைக் கொண்டு உலாவுகிறோம் என்று சொல்வதற்கில்லை. முகவரியைத் தட்டுகிறோம், பக்கம் வருகிறது, படித்துவிட்டு மூடுகிறோம். பெங்களூரில் அரும்பாடுபட்டு ஒரு வாடகை வீட்டைப் பிடித்துவிட்டு, கூடத்தில் மட்டும் பாயை விரித்துக்கொண்டு, உள்ளறைகளைத் திறந்து பாராமலே பல ஆண்டு குடியிருப்பவரை ஒத்தது நம் நிலை. அவ்வறைகளுள், பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இன்று திறந்து பார்ப்போம்.

முதலில் நாம் வாழும் இந்நகரின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பெங்களூரில் அமைந்த ஹிட்டன் ரிஃப்ளெக்ஸ் என்னும் நிறுவனம், எபிக் என்னும் உலாவியை வெளியிட்டது. அதனைத் தோற்றுவித்தவர் அலோக் பரத்வாஜ். மொசில்லா அமைப்பினரின் ஃபயர்பாக்ஸ் உலாவி, எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நிரலைக் கொண்டது. அதையே அடித்தளமாகக் கொண்டு இந்தியருக்கென ஓர் உலாவியை இவர்கள் கட்டினார்கள். சாளரத்தின் ஓரத்தில் ஒரு நெடிய பட்டை இருந்தது. அதில் குறிப்பெழுத ஓர் இடம், செய்தி பார்க்க ஓர் இடம், வைரஸ் சோதனைக்கு ஓர் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக இந்திய மொழிகளில் தட்டெழுத ஓர் இடம் எனப் பலவும் இருந்தன. தமிழில் ஒரு வரி தட்டுவதற்குத் தனி மென்பொருளைத் தேடி நிறுவிக்கொண்டிருந்த பலருக்கு, உலாவியின் உள்ளேயே தமிழ் கிடைத்தது பெரிய சௌகரியமாயிற்று.

ஆனால் 2013ஆம் ஆண்டில் அதே எபிக் வேறு உருவெடுத்தது. ஃபயர்பாக்ஸை விட்டுக் குரோமியம் என்னும் நிரலுக்கு மாறியது. பயனரின் அந்தரங்கத்தைக் காப்பதொன்றே தன் நோக்கம் என்றது. பழைய ஓரப்பட்டையின் வசதிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வியப்பு என்னவெனில், அதே 2013ஆம் ஆண்டில் நார்வே நாட்டிலும் இதே கதை நிகழ்ந்தது. ஓபரா என்னும் உலாவி, அஞ்சல் முதலிய பல உள்வசதிகளைத் தன்னகத்தே கொண்டு புகழ்பெற்றிருந்தது. அதுவும் தன் சொந்த எந்திரத்தை விட்டுக் குரோமியத்துக்கு மாறியபோது, அவ்வசதிகளை உதறிற்று. ஓபராவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான யோன் வான் டெட்ச்னர் இதற்கு மனம் ஒப்பாமல், விவால்டி என்னும் புதிய உலாவியை உருவாக்கினார். அதன் முதல் முழுப் பதிப்பு 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்தது. இசை நாடகத்தின் பெயர் கொண்டதை விட்டு வந்தவர், இத்தாலிய இசைமேதை ஒருவரின் பெயரை வைத்தது பொருத்தமே. பயனர் தம் விருப்பப்படி மாற்றி அமைத்துக்கொள்வதற்கு விவால்டியில் உள்ள இடம் வேறு உலாவிகளில் காண்பது அரிது.

இவ்விரு கதைகளையும் நாம் நினைவிற்கொள்வது நலம். உள்வசதி என்பது வீட்டுச் சொந்தக்காரர் கட்டித் தந்த அலமாரி. அதில் பொருளை வைக்கலாம், ஆனால் அலமாரியைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது.

இனி அறைகளுக்குள் நுழைவோம். தமிழ்ப் பக்கங்களைப் படிக்கும்போது நம்மில் முதியோர் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: ஆங்கில எழுத்து கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, பக்கத்திலேயே நிற்கும் தமிழ் எழுத்து சிறுத்து நெருங்கி நிற்கிறது என்பதே அது. குறை கண்ணில் மட்டும் இல்லை. கொம்பும் சுழியும் கொண்ட எழுத்துக்கு, அதே அளவில், ரோமன் எழுத்தைவிடச் சற்று அதிக இடம் வேண்டும். பலரும் செய்வது முழுப் பக்கத்தையும் பெரிதாக்குவது. அப்போது படமும் விளம்பரமும் சேர்ந்து பெருத்து, வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் அமைப்புகளில் எழுத்துருவுக்கு ஒரு பகுதி உண்டு. அங்கே அட்வான்ஸ்டு என்னும் பொத்தானை அழுத்தினால், மொழிவாரியாக ஒரு பட்டியல் தோன்றும். அதில் தமிழைத் தேர்ந்து, தமிழுக்கு மட்டும் நமக்குப் பிடித்த எழுத்துருவையும், இதற்குக் கீழே குறையக் கூடாது என்னும் அளவையும் விதித்துவிடலாம். கன்னடத்துக்கு வேறு அளவு, ஆங்கிலத்துக்கு வேறு அளவு. குரோம், எட்ஜ் உலாவிகளிலும் குறைந்த அளவை விதிக்கலாம். ஆனால் அது எல்லா மொழிகளுக்கும் பொதுவாகவே அமையும்.

இன்று எழுத்துருவைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகப் பேச முடிகிறது. ஒருகாலத்தில் ஒவ்வொரு தமிழ் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொண்டால்தான் பக்கமே தெரியும். இல்லையேல் கட்டம் கட்டமாக நிற்கும். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் நம் பழைய இலக்கியங்களை மின்னேடாக்கியபோதும், முதலில் டிஸ்கி என்னும் குறியேற்றத்தையே கையாண்டு, பின்னரே யூனிகோடுக்கு மாறினார்கள். அத்துன்பம் அறிந்தவர்களுக்கே இன்றைய வசதியின் அருமை தெரியும்.

படிப்பதற்கென்றே மற்றோர் அறையும் உண்டு. செய்திக் கட்டுரை ஒன்றைத் திறந்ததும், முகவரிப் பட்டையின் வலக்கோடியில் ஓர் ஏட்டைப் போன்ற சிறு குறி தோன்றுவதை ஃபயர்பாக்ஸில் காணலாம். ரீடர் வியூ என்பது அதன் பெயர். அதை அழுத்தினால் விளம்பரமும் ஓடும் படங்களும் மறைந்து, கட்டுரை மட்டும் அச்சிட்ட புத்தகம்போல் நிற்கும். எழுத்தின் அளவு, வரிகளுக்கிடையே இடைவெளி, தாளின் நிறம் யாவும் நம் கையில். விவால்டியிலும் எட்ஜிலும் இதே வசதி உண்டு.

கண் மங்கியவர்களுக்கு எட்ஜ் உலாவியில் வாய்விட்டுப் படிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்டு விசைகளோடு யூ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் அது தொடங்கும். இந்தியத் தமிழுக்குப் பல்லவி என்றும் வள்ளுவர் என்றும் இரு குரல்கள். இலங்கைத் தமிழுக்கும், சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் வைத்திருக்கிறார்கள். வானொலி கேட்டுப் பழகிய காதுக்கு அவற்றின் ஏற்ற இறக்கம் முற்றும் உவப்பாக இராது. எண்களையும் சுருக்கெழுத்துகளையும் சில சமயம் விநோதமாகப் படிக்கும். எனினும், பேரப்பிள்ளைகளை எதிர்பார்த்துக் காத்திராமல், அல்சூரில் ஒரு பாட்டி தாமாகவே காலைச் செய்தியைக் கேட்டுக்கொள்ள முடிகிறதென்றால் அது சிறிய காரியமன்று.

இப்போது நம் அன்றாட வாழ்வின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பெங்களூர்த் தமிழருள் பலர் கன்னடத்தைச் சரளமாகப் பேசுவார்கள். சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்கவே வேண்டாம். ஆனால் அவர்களுள்ளும் கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு. மின் கட்டண அறிவிப்பு, சேவா சிந்து தளத்தில் ஒரு விண்ணப்பம், நிலப் பதிவேட்டின் நகல் என்று அரசாங்கத்தோடு தொடர்பு ஏற்படும்போது, பேச்சில் கெட்டிக்காரரான அவர்களும் அடுத்த வீட்டாரின் உதவியை நாட வேண்டியிருக்கிறது. கூகிள் மொழிபெயர்ப்பில் தமிழும் கன்னடமும் 2011ஆம் ஆண்டு ஜூனில் ஒருங்கே சேர்க்கப்பட்டன. அந்த ஏற்பாடு குரோம் உலாவிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அமைப்புகளில் மொழி என்னும் பகுதியில், பக்கங்களை எம்மொழியில் பெயர்க்க வேண்டும் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு கன்னடப் பக்கத்தில் வலப்பொத்தானை அழுத்தி மொழிபெயர்ப்பைக் கேட்டால் போதும். கைப்பேசியிலும் இது உண்டு.

ஆனால் இவ்வறையில் விளக்கோடு நுழைய வேண்டும். கன்னடத்தில் மனெ என்றால் நாம் குடியிருக்கும் வீடு. தமிழில் மனை என்று இன்று நாம் சொல்வது, பெரும்பாலும் வீடு கட்டப்போகும் வெற்றிடம். அவ்வெற்றிடத்துக்குக் கன்னடத்தில் நிவேசன என்பார்கள். வடமொழி அறிந்த தமிழருக்கோ அச்சொல் குடியிருப்பு என்று தோன்றும். சொத்துப் பத்திரம் தொடர்பான ஒரு பக்கத்தில் இவ்விரண்டும் இடம் மாறினால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆதலின் எந்திரம் தரும் தமிழை, பக்கம் எதைப் பற்றியது என்று அறிந்துகொள்வதற்கு மட்டும் பயன்படுத்துவோம். தொகை, தேதி, 'இல்லை' என்னும் சொல் ஆகிய மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பும்போது மொழிபெயர்ப்பை விலக்கி, மூலப் பக்கத்துக்குத் திரும்பிவிடுவது நன்று. கையொப்பமிட வேண்டிய காகிதமாயின், கன்னடம் அறிந்த ஒருவரின் கண் பட்டே தீர வேண்டும். இம்முறையில் குரோம் பக்கத்தின் எழுத்துகளைக் கூகிளின் கணினிகளுக்கு அனுப்பியே மொழிபெயர்த்து வாங்குகிறது. எனவே வங்கிக் கணக்குப் பக்கங்களில் அதை ஏவாதிருப்பதே விவேகம்.

மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிடுவதற்கு விவால்டி மிக வாய்ப்பானது. இரு டேப்களைத் தேர்ந்து, அவற்றை ஒரே சாளரத்தில் பக்கம் பக்கமாக நிறுத்திக்கொள்ளலாம். இடப்புறம் கன்னடம், வலப்புறம் தமிழ். பிள்ளைகளுக்குக் கன்னட எழுத்தைக் கற்றுத்தர விரும்பும் பெற்றோரும், தாமே கற்க விரும்பும் பெரியோரும் இதனைச் செய்து பார்க்கலாம். சில வாரங்களில் மொழிபெயர்ப்பின் தேவையே குறையக்கூடும். நம்மைக் கேட்டால் அதுவே நல்ல முடிவு என்போம். இந்த மண்ணில் வாழ்ந்துகொண்டு இதன் எழுத்தை அறியாதிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

விவால்டியின் ஓரப்பட்டையில் குறிப்பேடும் உண்டு. பக்கத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்து குறிப்பேட்டில் சேர்த்தால், எப்பக்கத்திலிருந்து எடுத்தது என்னும் முகவரியும் உடன் பதிவாகும். எஃப் வரிசையில் இரண்டாம் விசையை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். எந்த ஏவலையும், திறந்திருக்கும் எந்த டேப்பையும் அதில் பெயர் தட்டி அழைக்கலாம்.

சொல்லாராய்ச்சியில் ஆர்வம் உடையோருக்கு ஒன்று சொல்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதனை நாள்தோறும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. உலாவியின் அமைப்புகளில் தேடுபொறிகள் என்னும் பகுதியில், அகராதியின் தேடல் முகவரியை இட்டு, சொல் வரும் இடத்தில் விழுக்காட்டுக் குறியும் எஸ் என்னும் ஆங்கில எழுத்தும் வைத்து, அதற்கு 'அ' என்று ஒரு சுருக்கப் பெயரும் கொடுத்துவிடலாம். பிறகு முகவரிப் பட்டையில் 'அ' என்று தட்டி, இடம் விட்டு, வேண்டிய சொல்லைத் தட்டினால் அகராதியின் விடை வந்து நிற்கும். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு 'வி', கன்னட விக்கிப்பீடியாவுக்கு 'க' என்று வைத்துக்கொள்வதும் அவரவர் விருப்பம்.

உள்வசதிகளை நாம் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இவற்றுள் பலவற்றுக்கும் நீட்சி எனப்படும் சேர்ப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றுள் நல்லவை உண்டு. ஆனால் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு சிறு நீட்சிகூட, நீங்கள் செல்லும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கக்கூடும். கேட்பதை வாசிக்காமலே நாம் தலையசைத்துவிடுகிறோம். மேலும், இன்று ஒருவர் கையில் உள்ள நீட்சி நாளை வேறொருவருக்கு விற்கப்படலாம். உலாவியிலேயே இருக்கும் வசதிக்காக வெளியாருக்குச் சாவி கொடுப்பானேன்?

ஒரு கணினியைக் குடும்பத்தில் நால்வர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், ஒவ்வொருவருக்கும் தனிச் சுயவிவரம் அமைத்துவிடுவது அமைதிக்கு வழி. அதனை அமைக்கச் சில நிமிடம் போதும். மறைசாளரம் எனப்படும் தனிப்பட்ட சாளரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது இக்கணினியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும். அலுவலக வலையமைப்பை நடத்துவோரிடமிருந்தோ, இணைய இணைப்பு தருவோரிடமிருந்தோ நம்மை மறைப்பதில்லை. இணைய மையத்திலோ பிறர் கணினியிலோ கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்கும்போது, வேண்டாம் என்றே சொல்ல வேண்டும்.

எபிக்கிலும் ஓபராவிலும் 2013ஆம் ஆண்டில் நிகழ்ந்தது, நாம் கையாளும் உலாவியிலும் நிகழலாம் என்றோம். அதற்கான ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. புத்தகக்குறிகளைக் கையாளும் பகுதியில், அவற்றை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் ஏவல் உண்டு. அக்கோப்பை எந்த உலாவியும் ஏற்கும். மாதம் ஒருமுறை அதனை எடுத்து, பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்ப எண், கட்டண ரசீது போன்றவற்றை, அச்சிடும் ஏவலைக் கொண்டே பிடிஎஃப் கோப்பாகச் சேமிப்பது நன்று. தாளும் மையும் வேண்டாம். தளம் மாறினாலும், உலாவி மாறினாலும், வீடு மாறினாலும் அவை நம்மிடமே இருக்கும். கோப்புக்குப் பெயரிடும்போது தேதியை முதலில் எழுதினால், பின்னர்த் தேடுவது எளிது.