நம்ம பிள்ளைகள் ஏன் சமதர்மம் பேசுகிறார்கள்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று மாதத்துக்கு முன்னால் நம் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு அம்மா எழுந்து நின்று அழுதார். கடன் கட்ட முடியவில்லை என்று அழவில்லை. "எம் பொண்ணு சங்கம், சமதர்மம்னு பேசிக்கிட்டுத் திரியுறா. இனி யாரு பொண்ணு கேட்டு வருவாங்க? நீங்கதான் நாலு வார்த்தை சொல்லித் திருத்தணும்" என்றார். நாங்களும் சரி என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். புத்தி சொல்லத்தான் போனோம். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது யோசனையோடு திரும்பியது நாங்கள்தான். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் கூட்டமைப்புக்கு எந்தக் கட்சியும் கிடையாது. யாருக்கும் ஓட்டுக் கேட்க இதைப் பேசவில்லை. நம் பிள்ளைகள் மனதில் என்ன ஓடுகிறது என்று தாய்மாருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் பார்ப்போம். சின்னாளபட்டியில் ஒரு தறி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தறி ஒருவருடையது, நூல் அவருடையது, நெய்கிறவருக்குக் கூலி, லாபம் முழுதும் தறிக்காரருக்கு. இது முதலாளித்துவம். அதே தறி நெய்கிறவர்கள் எல்லோருக்கும் பொது, விலையையும் கூலியையும் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள், லாபத்தில் எல்லோருக்கும் பங்கு. இது சமதர்மம். சோஷலிசம் என்று சொல்வதும் இதைத்தான். பெரிய புத்தகங்களில் இன்னும் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அடிப்படை இதுதான்: பொருள் யாருடையது? முடிவு யார் எடுப்பது? கணக்கை யார் பார்ப்பது?

அந்தப் பெண்ணுக்கு 24 வயது. பிளஸ் டூ முடித்ததும் ஒரு நூல் மில்லில் சேர்த்துவிட்டார்கள். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நம் பக்கத்தில் 'சுமங்கலித் திட்டம்', 'கேம்ப் கூலி' என்று சொல்வோமே, அதுதான். இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று வருடம் முடிக்கவில்லை என்று சொல்லி அந்தத் தொகையைத் தரவில்லை. பிறகு நம் குழுவில் அம்மா கடன் வாங்கி டிகிரி படிக்க வைத்தார். படித்து முடித்தும் கிடைத்தது ஒப்பந்த வேலைதான். இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்கு உண்டா என்று தெரியாது.

அவள் எங்களிடம் கேட்டாள்: "ரெண்டரை வருஷம் ராத்திரி ஷிப்டு பார்த்தேன்மா. நான் ஓட்டின நூலையும் வித்துத்தானே இருப்பாங்க? எனக்குச் சேர வேண்டிய காசு எங்க? அந்தக் கணக்கை யாருகிட்டக் கேக்குறது? வீட்டுல கேட்டா 'தலையெழுத்து'ன்னாங்க. சங்கத்துலதான் 'இது உன் உரிமை'ன்னு சொன்னாங்க."

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் அல்ல. முதலாளித்துவத்தின் தலைவீடு என்று சொல்கிற அமெரிக்காவிலேயே 2018-ல் காலப் என்ற நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தது. 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் சோஷலிசம் நல்லது என்று சொன்னவர்கள் 51 சதவீதம். முதலாளித்துவம் நல்லது என்றவர்கள் 45 சதவீதம்தான். அங்கேயும் இதே காரணங்கள்தான்: படிப்புக் கடன், வீட்டு வாடகை, ஆஸ்பத்திரிச் செலவு, நிரந்தரம் இல்லாத வேலை.

நம் ஊருக்கு வருவோம். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் பிடிவாதமாக நின்றது 'எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள்' என்பதற்காக. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. காசு மட்டும் போதாது, பேசுகிற உரிமையும் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திண்டுக்கல் பேரிலேயே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 ஜனவரியில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயதுப் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் மீது கொலை வழக்கு. அந்தத் துயரத்துக்குப் பிறகு பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், அவர்களிடம் துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. உலகமே இதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்கிறது. வேலை செய்கிற பெண்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தொந்தரவு நடக்கிறதா என்று கவனித்துப் புகார் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். முன்பு வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்த பெண்கள், இப்போது எழுந்து புகார் சொன்னார்கள், தீர்வும் கண்டார்கள். அதைச் செய்தது யார்? நம் வீட்டுப் பெண்கள் போன்ற இளம்பெண்கள்தான்.

சகோதரிகளே, இது நேற்று முளைத்த பேச்சும் இல்லை. சுதந்திரத்துக்கு முன்பே திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டியவர்களில் ஏ. பாலசுப்பிரமணியம் ஒருவர். அப்போது அவர் இளைஞர். 1967-ல் இதே ஊர் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 'யாரு பொண்ணு கேட்டு வருவாங்க' என்று பயப்படுகிற அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்கிறோம். சங்கம், சமதர்மம் என்று வந்த பெண்தான் பாலபாரதி. இதே திண்டுக்கல் தொகுதியில் 2001, 2006, 2011 என்று மூன்று முறை ஜெயித்தார்.

செங்கொடி பிடித்தவர்கள்தான் சமதர்மம் பேசினார்கள் என்றும் நினைக்காதீர்கள். 1955-ல் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். நம் காந்திகிராமத்தோடு சேர்ந்து வளர்ந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா, இளம் வயதிலேயே வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தவர். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு தஞ்சைப் பக்கம் போய், நிலமில்லாத பெண்கள் பேரில் நிலம் பதிவு செய்து கொடுத்தார். அவர் பிடித்தது காந்தி வழி. ஆனால் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உழுகிறவளுக்கு நிலம் ஏன் இல்லை?

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். 1969-ல் 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கிராமத்துப் பக்கம் வங்கிகள் பெருகின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியது. வீடு, நிலம் என்று ஈடு இல்லாமல் நமக்குக் கடன் கிடைத்தது அப்படித்தான். சந்தைக்கு மட்டும் விட்டிருந்தால் நம்மை நம்பி யார் கடன் கொடுத்திருப்பார்கள்? கந்துவட்டிக்காரர்தான் கொடுத்திருப்பார்.

சரி, அப்படியானால் பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரியா? அந்தப் பெண்ணிடம் நாங்களும் சில விஷயங்கள் சொன்னோம். எல்லாம் பொது என்று ஆண்ட சோவியத் நாட்டில் ரொட்டிக்கும் சோப்புக்கும் வரிசையில் நின்றார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். 1991-ல் அந்த நாடே சிதறியது. நம் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த வரிசையை அவர்கள் பார்த்ததில்லை. சந்தையின் கஷ்டத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

திண்டுக்கல் பூட்டையும் சொன்னோம். 1957-லேயே பூட்டுத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பூட்டு நல்ல பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் மெஷினில் செய்து குறைந்த விலைக்கு வருகிற அலிகார் பூட்டோடு போட்டி போட முடியாமல் தொழில் சுருங்கிவிட்டது. பொதுச் சொத்து என்று எழுதிவைத்தால் மட்டும் அடுப்பு எரியாது. சரக்கு விற்க வேண்டும், புதுசு புதுசாகச் செய்ய வேண்டும், கணக்கு நேராக இருக்க வேண்டும். மில் வந்ததால்தான் எத்தனையோ வீட்டில் பெண்கள் கையில் முதன்முதலாகச் சம்பளம் வந்தது. அதையும் மறக்கக் கூடாது.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு திருப்பிக் கேட்டாள்: "நீங்க சொல்றது சரிதான்மா. உங்க குழுவுல 12 பேர் இருக்கீங்க. தீர்மான நோட்டுல கையெழுத்துப் போடுறீங்க. வாசிச்சுட்டுப் போடுறீங்களா? ஊக்குநர் அக்கா எழுதினதுக்குக் கீழ போடுறீங்களா? கணக்கைக் காட்டுன்னுதான் நானும் அங்க கேக்குறேன். நீங்க செஞ்சா அது குழு, நான் செஞ்சா அது கட்சியா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மை என்ன? ஆரம்ப நாளில் நம் குழுவில் சாராயம், பள்ளிக்கூடம், தண்ணீர் எல்லாம் பேசினோம். இப்போது பல குழுக்களில் கூட்டம் என்றால் தவணை வசூல், கையெழுத்து, டீ. முடிந்தது. நம் மகள்கள் ஏன் குழுவில் சேரவில்லை என்று இந்தக் கூட்டத்தில் வருடாவருடம் வருத்தப்படுகிறோம். கடன் கடை மாதிரி ஆகிவிட்ட இடத்துக்கு அவர்கள் எதற்கு வருவார்கள்?

எங்களுக்குப் புரிந்தது இதுதான். பிள்ளைகள் சமதர்மத்தின் பக்கம் போவது யாரோ மந்திரம் போட்டதால் இல்லை. உழைக்கிற இடத்தில் ஒரு சொல் சொல்லும் உரிமை இல்லாததால் போகிறார்கள். அந்த உரிமையின் ருசி நமக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு ஓட்டு, பொதுச் சேமிப்பு, எல்லோர் முன்னாலும் கணக்கு. இதை வைத்துத்தானே நாம் தலை நிமிர்ந்தோம்?

ஆகவே நிர்வாகக் குழு சார்பில் மூன்று விஷயங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவைச் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து. வாசிக்கும் வேலையைப் படித்த நம் மகள்களிடம் கொடுப்போம்.

இரண்டு: பிள்ளை 'சங்கம்' என்று சொன்னதும் திட்ட வேண்டாம். என்ன வேலை, எத்தனை மணி நேரம், சம்பளச் சீட்டு தருகிறார்களா, பி.எஃப். பிடிக்கிறார்களா, அது கட்டப்படுகிறதா என்று உட்கார்ந்து கேளுங்கள்.

மூன்று: பிள்ளைகளிடமும் கேள்வி கேளுங்கள். உங்கள் சங்கத்தில் கணக்கு உண்டா? பெண்கள் பேசினால் கேட்கிறார்களா? தலைவரை மாற்ற முடியுமா? முதலாளியிடம் கேட்கிற கேள்வியைத் தலைவரிடமும் கேட்கப் பழகட்டும்.

அந்த அம்மாவுக்கு இன்னும் பயம் முழுதாகப் போகவில்லை. கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் போன மாதக் கூட்டத்தில் அந்தப் பெண் கணக்கு வாசித்தாள். உள்கடன் வட்டியில் 340 ரூபாய் எழுதாமல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தாள். அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் அழவில்லை.