வாடகை கேட்க வந்தவர்

கிருமாம்பாக்கத்தில் என்னோடு ஓடி விளையாடி வளர்ந்த நண்பர்களே!

'செல்வமும் நட்பும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இப்பொருளுக்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்று காட்டுவது மரபு. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. அவர்கள் காணாமலே நட்புப் பூண்டவர்கள். ஒரே தெருவில் வளர்ந்த இருவரில் ஒருவன் மட்டும் பொருளீட்டிவிட்டால் எழும் சங்கடம் அவர்களுக்கு நேரவேயில்லை.

ஆகவே, அருகிலுள்ள புதுச்சேரிக்கே வருகிறேன். 1908 முதல் 1918 வரை பாரதியார் அங்கு வாழ்ந்தார். கைப்பொருள் இல்லை, வாடகை பாக்கி உண்டு. வீட்டுக்குரியவரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வருவார். உள்ளே பாட்டும் பேச்சும் நடந்துகொண்டிருக்கும். அமர்ந்து கேட்பார், வந்த காரியத்தை வாய்விட்டுக் கூறாமலே எழுந்து போய்விடுவார். வ.ரா. தம் 'மகாகவி பாரதியார்' நூலில் இதனை எழுதியிருக்கிறார். பாக்கியைத் தள்ளுபடி செய்தேன் என்று அவர் அறிவித்திருந்தால் புரவலர் ஆகியிருப்பார். பாரதியாரும் அவரைக் கண்டதும் எழுந்து நிற்க நேர்ந்திருக்கும்.

முத்தியாலுப்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியார் மற்றொருவர். குயில் பாட்டுக்குக் களமான தோப்பு அவருடையது என்பர். அவருக்குப் பாரதியார் இட்ட பெயர் 'வெல்லச்சு'. வெல்லம் வார்க்கும் அச்சு எப்படியிருக்கும் என்பதைக் கரும்பு விளையும் நம் பாகூர்ப் பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. தோப்புக்கு உடையவரை, அங்கே நிழல் தேடி வந்தவர் பட்டப்பெயரிட்டு அழைக்கிறார்!

எனக்கும் இவ்வூரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. (மூத்தவர்கள் சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள், நான் கூறப்போவதில்லை.) வாணிகம் செழித்து, கடலூர்ச் சாலையில் வீடு கட்டிய பின் அப்பெயர் மறைந்தது, 'ஐயா' வந்தது. உங்கள்மீது குறை கூறமாட்டேன். ஆளுக்குப் பத்து ரூபாய் திரட்டி ஆண்டுவிழா நடத்தி வந்தோம். ஓராண்டு முழுச் செலவையும் நானே ஏற்றேன். நட்பு என்று கருதித்தான் செய்தேன். பத்து ரூபாய் திரட்டுவது அன்றோடு நின்றது. முன்வரிசையில் எனக்கொரு நாற்காலி வந்தது.

சென்ற திங்கள் கூட்டத்தில் ஒரு வெண்பா படித்தேன். மூன்றாம் அடியில் தளை தட்டியது, படிக்கும்போதே உணர்ந்தேன். யாப்பறிந்தவர்கள் பலர் இருந்தீர்கள், கைதட்டினீர்கள். பள்ளி நாளில் இதே பிழைக்காக என் ஏட்டைப் பிடுங்கி, வரியை அடித்துத் திருத்திய நண்பர் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அவரும் கைதட்டினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இவ்வாண்டு என் பங்கும் மற்றவர் பங்கின் அளவே என்று செயலாளரிடம் கூறிவிட்டேன். அவர் முகம் சற்று வாடியது உண்மை. அந்த வெண்பா இதோ, சட்டைப்பையில் இருக்கிறது, திருத்தவில்லை. கூட்டம் முடிந்ததும் வெளித்திண்ணையில் காத்திருப்பேன். அந்நண்பர் வரவேண்டும். எழுதுகோலை அவரே கொண்டுவரட்டும்.