பூச்சாண்டி வேண்டாம், சொல் தவறாமை வேண்டும்



கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்னே ஜீப் வந்து நிற்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேற வேண்டிய தாயானவள், இரண்டு வயதுக் குழந்தை தூங்கும்போதே சொல்லாமல் நழுவிவிடுகிறாள். விழித்த குழந்தை அலறுகிறது. "அழுதால் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான், சாமி கண்ணைக் குத்தும்" என்கிறாள் பாட்டி. அழுகை நின்றுவிடுகிறது, நாமும் மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் அடங்கியது குழந்தையின் அழுகை மாத்திரமா, அல்லது அதன் அறிவுமா என்று யோசித்தோமா? பேயில்லை என்று மேடையில் முழங்குகிற நாமே வீட்டில் குழந்தையின் மூளையில் பேயைக் குடியேற்றினால், பிறகு அதை விரட்ட எத்தனை கூட்டம் போடுவது?

அப்படியானால் கேட்டதெல்லாம் கொடுத்துவிடலாமா என்றால், அதுவும் தவறேயாகும். அடுப்பைத் தொடக்கூடாது, வாய்க்காலுக்குத் தனியே போகக்கூடாது, மருந்து தெளித்த திராட்சைக் கொடியைப் பிடிக்கக்கூடாது, தம்பியை அடிக்கக்கூடாது. இப்படிச் சில விதிகள் போதும். ஆனால் காலையில் "கூடாது" என்றது, அழுததும் மாலையில் "சரி" ஆகக்கூடாது. அழுதால் கிடைக்குமென்று கற்றுக்கொடுப்பவர்கள் நாமேதான். அடிக்காமல், கையைப் பிடித்து விலக்கி, காரணத்தை ஒரே வார்த்தையில் சொல்லுவோம்.

இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் நமக்கு மேலேயுள்ள கொடைக்கானலிலும் தங்கிக் கல்விப்பணி செய்தார். குழந்தைக்குச் சுதந்திரமும் வேண்டும், அதற்கு எல்லையும் வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியதாகும்.

குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. விளையாட்டின் நடுவே திடீரென்று தூக்கினால் அது கத்தாமல் என்ன செய்யும்? "இன்னும் மூன்று கொட்டாங்கச்சி மணல், பிறகு குளியல்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சட்டை முதலிலா, செருப்பு முதலிலா என்று கேளுங்கள். போகலாமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். அங்கன்வாடியில் விடும்போது ஒளிந்து ஓடாமல், சொல்லிக்கொண்டு உடனே புறப்படுங்கள். ஜீப்பில் போகும் தாயோ முந்தின இரவே, "நீ விழிக்கும்போது பாட்டி இருப்பாள், பொழுது சாய்ந்ததும் நான் வருவேன்" என்று சொல்லட்டும். சில நாள் அழும். ஆனால் சொன்னபடி தாய் திரும்புவதைத் தினமும் கண்டால் நம்பிக்கை பிறக்கும்.

இது பெண்கள் வேலையென்று ஆண்கள் திண்ணையில் உட்காருவது நியாயமா? தாய் மறுத்ததைத் தகப்பன் வாங்கிக்கொடுத்தால் விதி ஏது? ஆகவே வீட்டிலுள்ள எல்லோரும் கலந்து பேசி, ஒரே சொல்லாய் நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். இன்றிரவே பூச்சாண்டியை வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள்.