தொடையில் விழும் குழிகள்



தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் தோல் குழிகுழியாகத் தெரிகிறதே, இது என்ன நோயோ என்று பெண்கள் பலர் கவலைப்படுகிறார்கள். இதற்கு செல்லுலைட் என்று பெயர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நோய் இல்லை.

இலவம்பஞ்சு மெத்தையைப் பாருங்கள். பஞ்சு உப்பி நிற்கும். தையல் போட்ட இடத்தில் குழி விழும். தோலுக்கு அடியிலும் அப்படித்தான். கொழுப்பு மேலே தள்ளுகிறது. நார் இழைகள் கீழே இழுக்கின்றன. அதுதான் குழி. வயதுக்கு வந்த பெண்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு இது உண்டு. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் உண்டு.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போய்விடுமா? உடம்புக்கு இதமாக இருக்கும். தோலும் கொஞ்ச நேரம் சமமாகத் தெரியலாம். பிறகு பழையபடிதான். விலை கூடிய கிரீமும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. அதற்காகக் காசைக் கொட்டாதீர்கள்.

பின்னே என்ன செய்யலாம்? காலுக்கு வேலை கொடுங்கள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானப் பக்கம் காலையில் நடங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். தசை இறுகினால் குழி கொஞ்சம் மங்கும். முழுவதும் மறையாது. மறைய வேண்டும் என்று பட்டினி கிடக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தோல் திடீரெனச் சிவந்து, வீங்கி, சூடாகி வலித்தால் அது வேறு. அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

மற்றபடி, தாய்மார்களே, இது நோய் இல்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.