மன்றத்தை மீட்போம்

(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கல்விச் சங்கம் அடைந்த வளர்ச்சியை எமக்கு முன் பேசியவர்கள் எடுத்துரைத்தார்கள். ஆகவே, இன்னும் நிறைவேறாத ஒரு பணியைப் பற்றிப் பேசுவதே நம் கடமை எனக் கருதுகிறோம். நம் தெரு முனையில் கூரை சரிந்து கிடக்கும் பழைய மன்றத்தைச் சீரமைக்கும் பணியே அது.

இச்சங்கம் தோன்றுவதற்கு முன்பே நம் தந்தையர் எழுப்பிய கட்டடம் அது. பகலெல்லாம் கழனியிலும் செங்கற்சூளையிலும் உழைத்தவர்கள் இரவில் மண் குழைத்துச் சுவர் வைத்தார்கள். அங்கேதான் நம்மில் பலர் அரிக்கேன் விளக்கொளியில் அரிச்சுவடி கற்றோம். இன்றோ சுவரில் அரசங்கன்று வேரோடி நிற்கிறது, ஓடுகள் நொறுங்கிவிட்டன, மழை நேராகத் தரையில் விழுகிறது. நம் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தனியிடமின்றிப் பேருந்து நிலைய விளக்கடியில் அமர்கிறார்கள். நம் வீட்டுத் திருமணங்கள் தெருவில் பந்தலிட்டே நடைபெறுகின்றன.

அண்மையில் நம் ஊர் வணிகர் ஒருவர் மன்றம் முழுவதையும் தம் செலவிலேயே புதுப்பித்துத் தர முன்வந்தார். அவருடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். மன்றத்திற்குத் தம் தந்தையாரின் பெயரை வைக்க வேண்டும் என்பது ஒன்று. முகூர்த்த நாட்களில் அதனை வாடகைக்கு விடும் உரிமை தம்மிடமே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கிடைப்பதை விடலாமா என்று இளைஞர் சிலர் கேட்டனர். எவர் பணமும் வேண்டாம், இடிந்தாலும் நம்முடையதாகவே இருக்கட்டும் என்று பெரியோர் சிலர் கூறினர். இரு சாராரின் வருத்தத்தையும் நாம் உணர்கிறோம். எனினும் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு.

இவ்வினா நமக்கு மட்டும் எழுந்ததன்று. அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் ஒடுக்கப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களுக்கும் இது எழுந்தது. அம்மக்களின் கல்வித் தலைவரான புக்கர் வாஷிங்டனும், சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனத்தின் தலைவரான ஜூலியஸ் ரோசன்வால்டும் 1912ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். கறுப்பினச் சிறுவர்களுக்குப் பள்ளி கட்ட வணிகர் நிதி தருவார். ஆயின் அவ்வூர் மக்களும் பணமாகவோ நிலமாகவோ உழைப்பாகவோ தம் பங்கைத் தர வேண்டும். அரசுக் கல்வித் துறையும் தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்பதே ஏற்பாடு. ஏழை உழவர்கள் பருத்தி வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கி, அதன் விளைச்சலை விற்றுப் பணம் சேர்த்தனர். 1932ஆம் ஆண்டுக்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்காக அம்மக்கள் அளித்த தொகை சுமார் 47 இலட்சம் டாலர். அது செல்வந்தரின் நிதி தந்த தொகையினும் சற்று மிகுதி என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

நிறவேற்றுமைப் பள்ளிகள் சட்டத்திற்கு மாறானவை என 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், காலப்போக்கில் அப்பள்ளிகள் மூடப்பட்டன. கட்டடங்கள் பலவும் பாழடைந்தன. 2002இல் அவை அழியும் நிலையிலுள்ள வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பின்னர், அங்குப் படித்த முதியோரும் அவர்தம் மக்களும் ஒன்றுகூடிப் பல கட்டடங்களை மீட்டனர். கட்டடப் பொருள்கள் விற்கும் லோஸ் என்னும் வணிக நிறுவனமும் அப்பணிக்கு நிதி உதவியது. அவற்றுள் சில இன்று அம்மக்களின் சமூகக் கூடங்களாக விளங்குகின்றன.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? முதற்பங்கு நம்முடையதாயின், பிறர் உதவி பிச்சையாகாது, கூட்டுறவாகும்.

நம் ஊர் வணிகர்களிடம் செல்வோம். தலை குனிந்து செல்ல வேண்டுவதில்லை. அவர்கள் கடையில் பொருள் வாங்குவோர் நாம். அவர்கள் அரிசி ஆலையில் மூட்டை சுமப்போரும், சூளையில் கல் அறுப்போரும் நம்மவரே. பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. சிறு கடைக்காரரை அச்சட்டம் கட்டாயப்படுத்தாது. அவரிடம் நாம் உறவின் உரிமையோடுதான் கேட்க வேண்டும். ஒருவர் முழுச்செலவையும் ஏற்பதினும், சூளைக்காரர் செங்கல்லும், மரக்கடைக்காரர் உத்திரமும், மின்பொருள் கடைக்காரர் விளக்கும் விசிறியும் தருவது நன்று. பலர் தாங்கும் கூரை ஒருவருக்கு அடிமையாகாது.

நம் தரப்பில் நான்கு உறுதிகள் வேண்டும். நிலமும் பத்திரமும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். பெற்ற ஒவ்வொரு பொருளுக்கும் இரசீது தந்து, கணக்கை மன்ற வாயிலில் எழுதி வைக்க வேண்டும். கல்வெட்டில் பொருள் தந்தோர் பெயரும், சித்தாள் வேலை செய்த நம் தாய்மார் பெயரும் ஒரே அளவு எழுத்தில் பொறிக்கப்பட வேண்டும். சாவி சங்கத்திடம் இருக்க வேண்டும். கதவோ எச்சாதியாருக்கும் திறந்திருக்க வேண்டும். நமக்கு மூடப்பட்ட கதவுகளை நாம் அறிவோம்; அத்தகைய கதவு ஒன்றை நாமே செய்தல் ஆகாது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். வடத்தைத் தொடவே நம்மை விடாத தேர்களும் இருந்தன. இம்மன்றம் எல்லோரும் வடம் பிடிக்கும் தேராகட்டும். முதற்கை நம் கையாகட்டும்.

கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் நம் தெருவிலேயே இருக்கின்றனர். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும் என்பதை நம் முதிய கொத்தனார்கள் அறிவர். அவர்கள் சொற்படி பணி நடக்கட்டும். வரும் ஞாயிறு காலையில் மண்வெட்டியும் கூடையுமாக இளைஞர்கள் மன்றத்தில் கூட வேண்டுகிறோம். முதலில் இடிபாட்டை அகற்றுவோம். அரசங்கன்றை வேரோடு களைவோம். அதன் பின்னரே கடைவீதிக்குச் சென்று உதவி கேட்போம்.