தமக்கை தங்கையர் மைந்தர்



ருஷ்யச் சக்கரவர்த்திகளின் மணவுறவுகள் பல. மகா பீட்டர் 1711ஆம் ஆண்டிலே தம் மகனுக்கு ஜெர்மானிய இளவரசி ஒருவரை மணமுடித்து வைத்தார். அன்றுதொட்டு அரியணைக்குரியோர் பெரும்பாலும் ஜெர்மானிய அரச குடும்பங்களிலேயே பெண் கொண்டனர். அவ்வழக்கத்துக்கு மாறாக டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியானின் மகள் டக்மார், 1864இல் ருஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கலசுக்கு நிச்சயிக்கப்பட்டார். மறு ஆண்டே அவ்விளவரசர் இருபத்தொரு வயதில் நோயால் மாண்டார். மணமகன் மறைந்தாலும் உறவு முறியவில்லை. 1866இல் இளவரசரின் தம்பி அலெக்சாந்தரை அவர் மணந்து, மதம் மாறி, மரியா பியோதரோவ்னா என்னும் பெயர் பெற்றார். அரசியல் பொருத்தம் பார்த்துச் செய்த மணமாயினும், அஃது அன்பு நிறைந்த இல்லறமாகவே அமைந்தது.

டக்மாரின் தமக்கை அலெக்சாந்திராவோ 1863இலேயே இங்கிலாந்து இளவரசர் எட்வேர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். தமக்கையின் மகன் ஐந்தாம் ஜோர்ஜ். தங்கையின் மகன் இரண்டாம் நிக்கலஸ். ஆங்கிலத்திலே இவ்வுறவுக்கு வேறு பெயர் இருக்கலாம். நம் முறைப்படி இவர்கள் அண்ணன் தம்பியரே. ஒருவரை மற்றவரென்று பிறர் மயங்கும் அளவுக்கு உருவொற்றுமையும் உடையவர்கள்.

1917 மார்ச்சில் நிக்கலஸ் முடிதுறந்தார். அவருக்குப் புகலிடம் அளிக்கப் பிரித்தானிய அரசாங்கம் முதலில் இசைந்தது. ஆனால், தம் குடிகளின் வெறுப்புத் தம் முடியையும் அசைத்துவிடுமோ என ஜோர்ஜ் மன்னர் அஞ்சினார். அவருடைய அந்தரங்கச் செயலாளர் வெளிநாட்டமைச்சருக்கு மீண்டும் மீண்டும் எழுத, அழைப்புக் கைவிடப்பட்டது. பழியை நெடுங்காலம் சுமந்தவர் பிரதமர் லொயிட் ஜோர்ஜ். அழைப்பு நிலைத்திருந்தாலும் புரட்சியாளர் நிக்கலசை வெளியேற விட்டிருப்பார்களா என்பது ஐயமே. ஆயினும், கேட்கவும் அஞ்சிய ஒருவரின் பக்கம் என் மனம் சாயவில்லை. 1918 ஜூலையில் நிக்கலசும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் ஏகாத்தரீன்பூர்க்கிலே சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே ஜோர்ஜ் மன்னர், கிரிமியாவில் அகப்பட்டிருந்த தம் சிறிய தாயாரை அழைத்துவர 'மார்ல்பரோ' என்னும் போர்க்கப்பலை அனுப்பினார். அங்கு அஞ்சியிருந்த ஏனையோரையும் ஏற்றிச் செல்ல வேண்டுமென்று அம்மூதாட்டி வற்புறுத்திய பின்னரே புறப்பட்டார். மகன் இறந்தான் என்பதை அவர் வெளிப்பட ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. 1928இல் டென்மார்க்கிலே காலமானார். 2006இல் அவருடைய பேழை சென் பீற்றர்ஸ்பேர்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கணவரின் அருகே வைக்கப்பட்டது. மகனின் எலும்புகள் அதே தேவாலயத்தில் 1998இலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தன.