இந்தச் செய்தியைச் சொல்வது யார்?

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்றை வகுப்பறையில் உயிரோட்டமாகக் கற்பிப்பது எப்படி என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒரு திரைப்படத்தை முன்வைத்து இதைப் பேச விரும்புகிறேன். பீட்டர் வாட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் இயக்குநர் எடுத்த ‘லா கம்யூன் (பாரிஸ், 1871)’ என்ற பிரெஞ்சுப் படம் அது. கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் 345 நிமிடங்கள், அதாவது ஆறு மணி நேரத்துக்குக் கால் மணிதான் குறைவு. பயப்படாதீர்கள், இதை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. படம் எடுக்கப்பட்ட முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சியை ஒன்பதாம் வகுப்பில் நடத்துகிறோம். அதற்கு 82 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. 1870இல் பிரஷ்யாவோடு நடந்த போரில் பிரான்ஸ் தோற்றது. பாரிஸ் நகரம் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. மக்கள் பட்டினி கிடந்தார்கள், எலியைக்கூடத் தின்றார்கள். போர் முடிந்ததும் வீட்டு வாடகை பாக்கியும் கடன் பாக்கியும் அவர்கள் கழுத்தை நெரித்தன. இந்த நிலையில், 1871 மார்ச் 18 விடியற்காலையில், மோன்மார்த்ர் குன்றில் மக்கள் காவற்படை வைத்திருந்த பீரங்கிகளைப் பறிமுதல் செய்ய, தியேர் தலைமையிலான அரசு இராணுவத்தை அனுப்பியது. பீரங்கிகளை இழுத்துச் செல்லக் குதிரைகள் வந்து சேரத் தாமதமாயிற்று. அதற்குள் ஊர் விழித்துக்கொண்டது. பெண்கள் திரண்டு சிப்பாய்களைச் சூழ்ந்தார்கள். தளபதி லெகோம்த் சுட உத்தரவிட்டார். சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். அன்று மாலையே அவரும் கிளெமோன் தோமா என்ற இன்னொரு தளபதியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசு வெர்சாய் நகருக்கு வெளியேறியது.

பத்து நாளில், தேர்தல் நடத்தி, பாரிஸ் மக்கள் தங்கள் ஆட்சியை அறிவித்தார்கள். அதுதான் பாரிஸ் கம்யூன். மே 28 வரை அது நீடித்தது. அந்தக் குறுகிய காலத்துக்குள் வாடகை பாக்கியைத் தள்ளுபடி செய்தார்கள். ரொட்டித் தொழிலாளர்களின் இரவு வேலையை ஒழித்தார்கள். சிறு தொகைக்கு அடகு வைத்த பொருள்களைப் பணமின்றித் திருப்பிக் கொடுத்தார்கள். இலவசமான, மதம் சாராத பள்ளிகளைத் திறக்க முயன்றார்கள். கம்யூனின் கடைசி நாட்களில், ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் சம ஊதியம் என்று முடிவெடுத்தார்கள். இராணுவம் நகருக்குள் நுழைந்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை. கம்யூனின் முன்னணிப் போராளிகளில் ஒருவரான லூயிஸ் மிஷேல் மோன்மார்த்ரில் பாடம் நடத்திய ஆசிரியை. தோல்விக்குப் பின் நாடு கடத்தப்பட்டு, பசிபிக் தீவான நியூ கலிடோனியாவுக்கு அனுப்பப்பட்டார்.

இனிப் படத்துக்கு வருவோம். 1871இல் தொலைக்காட்சி கிடையாது. ஆனால் இந்தப் படத்தில் இரண்டு தொலைக்காட்சிகள் இருக்கின்றன. ஒன்று கம்யூன் தொலைக்காட்சி. அதன் செய்தியாளர்கள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தெருவிலும் பட்டறையிலும் மக்களைப் பேட்டி எடுக்கிறார்கள். இன்னொன்று வெர்சாய் அரசின் தொலைக்காட்சி. அங்கே செய்தி வாசிப்பவர் அமைதியாக அமர்ந்து, அரசின் தரப்பை எடுத்துச் சொல்கிறார். ஒரே நிகழ்ச்சி, இரண்டு செய்திகள். பார்க்கும் நமக்கு, “இதைச் சொல்வது யார்? யாருக்காகச் சொல்கிறார்?” என்ற கேள்வி தானாக எழுகிறது. படத்தின் தொடக்கத்திலேயே நடிகர்கள் தங்களை நடிகர்கள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, படப்பிடிப்பு அரங்கைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ‘நாங்கள் காட்டுவதையும் கேள்வி கேளுங்கள்’ என்பதுதான் அதன் பொருள்.

அதைவிட முக்கியமானது நடிகர்களைத் தேர்ந்தெடுத்த விதம். 1999ஆம் ஆண்டு, பாரிஸை ஒட்டிய மோன்த்ரேயில், கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலைக்குள் 13 நாட்களில் படம் பிடித்தார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நடித்தார்கள்; பெரும்பாலோர் அதற்கு முன் நடித்ததே இல்லை. கம்யூனை எதிர்க்கும் பாத்திரங்களுக்கு, பழமைவாதச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, அதே கருத்துள்ளவர்களையே தேடிப் பிடித்தார் வாட்கின்ஸ். ஒவ்வொருவரும் தாம் ஏற்ற பாத்திரத்தின் வரலாற்றைத் தாமே படித்துத் தேடித் தெரிந்துகொண்டு வந்தார்கள். நடிப்பின் நடுவே, பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, இன்றைய வேலையைப் பற்றியும் பெண்களின் நிலையைப் பற்றியும் விவாதிக்கிறார்கள்.

இயக்குநரின் மனம் கம்யூன் பக்கம்தான். அதை அவர் மறைக்கவில்லை. நாம் வகுப்பில் சொல்லும்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கம்யூன் எதிர்த்தரப்புப் பத்திரிகைகளைத் தடை செய்தது. இறுதி வாரத்தில் பாரிஸ் பேராயர் உள்ளிட்ட பிணைக்கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதே வாரத்தில் அரசுப் படை கொன்று குவித்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. சில ஆய்வாளர்கள் 7,000 அளவிலும், வேறு சிலர் 20,000 அளவிலும் கணக்கிடுகிறார்கள். கணக்கு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதுவே ஒரு பாடவேளைக்குப் போதும்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இந்த முறையை முயன்று பார்த்தேன். மார்ச் 18 நிகழ்ச்சியை ஒரு பத்தியாக எழுதிக் கரும்பலகையில் போட்டேன். வகுப்பை இரண்டு தொலைக்காட்சிகளாகப் பிரித்தேன். ஆளுக்குப் பத்து வரியில் செய்தி எழுத வேண்டும். ஒரே நிபந்தனை: பொய் சொல்லக் கூடாது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அவர்கள் விருப்பம். ஒரு குழு, சிப்பாய்கள் சுட மறுத்ததில் தொடங்கி அங்கேயே முடித்தது. மற்றது இரண்டு தளபதிகளின் கொலையை மட்டும் படித்தது. வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு ஒரு மாணவி எழுந்து, “ரெண்டு பேருமே பொய் சொல்லல டீச்சர். ஆனா ரெண்டும் வேற வேற நாள் மாதிரி இருக்கு” என்றாள். இன்னொரு பையன், “அந்தப் பொம்பளைங்களப் பத்தி ரெண்டு பேருமே சொல்லலையே” என்றான். நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இது வந்திருக்காது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் இடம் உண்டு. அங்கே பாரிஸ் தேவையில்லை. ‘நேற்று பெய்த மழை’ போதும். உழவர் சொன்னால் எப்படி இருக்கும்? செங்கல் சூளையில் வேலை செய்பவர் சொன்னால்? ஒழுகும் வீட்டுப் பிள்ளை சொன்னால்? மூன்று பேருக்கும் மழை ஒன்றுதான், செய்தி ஒன்றல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளை இதைப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? நம் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும், “போன்ல வந்துச்சு” என்கிறார்கள். வந்தது யாரிடமிருந்து என்று கேட்பதில்லை. சாதியைப் பற்றி, மதத்தைப் பற்றி, பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றி எதுவும் அப்படி வரலாம். ஆண்டுகளையும் பெயர்களையும் தேர்வு முடிந்ததும் அவர்கள் மறந்துவிடக் கூடும். ‘இதைச் சொல்வது யார், விட்டுப்போனது யார்?’ என்று கேட்கும் பழக்கம் மட்டும் படிந்துவிட்டால், பள்ளியை விட்டுப் போன பிறகும் அது அவர்களைக் காக்கும்.

வரும் வாரம் உங்கள் பாடத்திலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். அடுத்த முகாமில், உங்கள் மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கக் காத்திருக்கிறேன்.